பால்கனியில் விரித்த சாக்கு

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மழையில் நனைந்த சாக்கின் வாடை அடித்ததும், எப்போதோ இடித்துத் தள்ளிவிட்ட எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸின் பால்கனியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் என்றால் கொல்லைப்புறம் உண்டு; அந்த ஒற்றை அறை வீட்டில் வேறு வழியில்லாமல், மாதாமாதம் தீட்டு நாட்களில் அம்மா எனக்கு அங்கேதான் சாக்கு விரிப்பாள், கீழே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

"பொண்ணு ஏன் வெளியிலேயே உட்கார்ந்திருக்கா?" என்று எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஒருமுறை இந்தியில் கேட்டார்.

"கணக்குல ஃபெயில், பெஹன்ஜி. அதான் தண்டனை," என்றாள் அம்மா.

அடுத்த மாதம் நான் சாக்கில் உட்கார்ந்ததும், "அச்சா, மறுபடியும் ஃபெயிலா?" என்று ஆன்ட்டி உச்சுக்கொட்ட, பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துகொண்டிருந்த நான், ஆமாம் என்று தலையாட்டினேன்.