எலும்புக்குள் யாருக்குப் பார்ப்பது?

லிம்போமா வைத்தியத்தில் மருந்து எழுதுவதைவிடச் சிரமமான வேலை, நிணநீர்க் கட்டியில் தொடங்கிய அந்தப் புற்றுநோய் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் போயிருக்கிறதா என்று யாருக்கு எப்படிப் பார்ப்பது என முடிவெடுப்பதுதான். சிலருக்கு உடம்பு முழுக்க எடுக்கும் பெட் ஸ்கேனே போதும். சிலருக்கு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டோடு டாக்டர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். மேஜைக்கு இந்தப் பக்கமும் அப்படியொன்றும் சுகமில்லை.

ஊசி வேண்டாம்

ஸ்ரீராம்புரத்து முனிசாமி மாநகராட்சிக் குப்பை வண்டி ஓட்டுகிறவர். இடுப்பில் ஊசி போடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உள்ளே வந்ததும் அதைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அவருக்கு வந்திருந்தது லிம்போமாவில் ஹாட்ஜ்கின் வகை. ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் நோய் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இந்த வகையில் படமே இவ்வளவு தெளிவாகக் காட்டிவிட்டால் ஊசி தேவையில்லை.

“ஊசி வேணாம்” என்று ஆரம்பித்தேன். காரணத்தைச் சொல்வதற்குள் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். “செல்வி, ஊசியே வேணாமாம்! எலும்புக்குள்ள போகல போல!” மனைவியும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இருவரையும் வைத்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தேன். செல்விதான் பேசினார்.

“அந்த ஊசியையே போட்டிருக்கலாமே மேடம்.”

பளிச்சென்று ஒரு படம்

கவிதாவுக்கு ஹெப்பகோடியில் ஃபேக்டரி வேலை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சிகிச்சையின் நடுவில், வெள்ளணு கூடுவதற்கு ஊசி போட்ட சில நாட்களிலேயே, வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டாள். அந்த ஊசி மஜ்ஜையை முடுக்கிவிடும். படத்தில் எலும்பெல்லாம் நோய் பரவியதுபோல ஒரே சீராகப் பளிச்சென்று தெரியும். ரிப்போர்ட்டை போனில் படித்தவள் என்னிடம் வரும்வரை பொறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போன் போட்டு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“கட்டியெல்லாம் கரைஞ்சிருக்கும்மா. எலும்புல தெரியறது ஊசி பண்ற வேலையாத்தான் இருக்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி பாப்போம்” என்றேன். மறுபடி எடுத்த படம் சுத்தமாக இருந்தது. இனி அந்த வீட்டில் பேசிப் பார்க்கலாமே என்றேன்.

“அவருக்கு ஓசூர்ல வேற பொண்ணு பாத்துட்டாங்க மேடம். நல்ல பொண்ணாம்.”

ஆராம்

ராகவன் மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மெதுவாக வளரும் வகை. ஸ்கேனில் எலும்பு சுத்தமாக இருந்தது. “ஸ்கேனே நார்மல், அப்பாவை எதுக்கு மேடம் குத்தணும்?” என்றார் மகன். இந்த வகையில் ஸ்கேனை மட்டும் நம்ப முடியாது என்று நான்தான் பேசி சம்மதிக்க வைத்தேன்.

மஜ்ஜையில் நோய் இருந்தது. ஆனால் வைத்தியம் மாறவில்லை. தொந்தரவு வரும்வரை மருந்தில்லாமல் கவனித்து வருவோம் என்று முன்பே சொன்னதைத்தான் திரும்பவும் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது மெலிந்திருந்தார். ஏரிக்கரை வாக்கிங் நின்றுவிட்டது, நண்பர்கள் வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொல்கிறார் என்றார் மகன். ராகவன் என்மேல் கோபப்படவில்லை.

“தெரியாத வரைக்கும் ஆராமா இருந்தேன் டாக்டர்.”

எலும்புக்குள் எட்டிப் பார்க்கப் புதிது புதிதாக மெஷின் வந்துகொண்டே இருக்கிறது, பார்த்ததைச் சொல்லத்தான் இன்னும் என்னுடைய இந்தப் பழைய வாய்.