பாதத்தில் பூசை நின்ற நாட்கள்

ராமர் பாதத்துக்குப் பூசை செய்யும் முறை என் கணவர் குடும்பத்துக்கு இருந்தது. இராமேசுவரத்துப் பெரிய கோயிலைத் தாண்டி வடக்கே போனால், உடைமரங்களுக்கு நடுவே ஒரு மணல்மேடு உயர்ந்து நிற்கும். கந்தமாதன பர்வதம் என்பார்கள். பெயரைக் கேட்டுவிட்டுப் பெரிய மலையை நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் தீவில் அதைவிட உயரமான இடம் வேறு கிடையாது. உச்சியில் இரண்டு அடுக்கு மண்டபம். உள்ளே கல்லில் செதுக்கிய சக்கரம், அதன்மேல் இரண்டு பாதங்கள். பூசையெல்லாம் அந்தப் பாதங்களுக்குத்தான்.

"ராமர் இங்கன நின்னுதான் இலங்கை எந்தத் திக்குல இருக்குன்னு பார்த்தாரு" என்று வருகிறவர்களிடம் என் கணவர் சொல்வார். மண்டபம் யார் கட்டியது என்று கேட்டால், "கட்டுனவுக பேரை எழுதி வைக்கல. அவுக பேருக்காகக் கட்டல போல" என்பார். வடநாட்டு யாத்திரிகர்களுக்கு இதையே கையைக் காட்டிக் காட்டி, அரைகுறை இந்தியில் சொல்வார்.

அடிவாரக் கிணற்றில் நல்ல தண்ணீர். அதைக் குடத்தில் எடுத்து இடுப்பில் வைத்து மேலே கொண்டுபோவது என் வேலை. கம்பிக்கதவுவரை நான், அதற்கு அந்தப் பக்கம் அவர். உள்ளே வராதே என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

நாடு சுதந்திரமடைந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ஆடி மாதம். அந்தக் காற்றில் மணல் ஏறிவந்து வாசற்படியை மூடிவிடும். அவர் மணலைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். திடீரென்று துடைப்பத்தை விட்டுவிட்டு, "இந்தா, கை மரத்துப்போச்சு, பிடி" என்றார். நான் குடத்தை இறக்கி வைப்பதற்குள் சாய்ந்துவிட்டார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

யாத்திரிகர்களை ஏற்றிவரும் குதிரைவண்டிக்காரர் அடிவாரத்தில் நின்றார். பாம்பன் பக்கத்து முஸ்லிம். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என் சத்தம் கேட்டு ஓடிவந்து, இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு என் கணவரைத் தூக்கி இறக்கினார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பக்கவாதம் என்றார். வலது கையும் காலும் போயிருந்தன. நாக்கும் எழவில்லை. எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார், கஞ்சி கொடுக்கச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் இடது கையால் பாயைத் தட்டினார். மூலையில் இருந்த குடத்தைக் காட்டினார். பூசை நேரம். குடத்தையும் துளசியையும் எடுத்துக்கொண்டு போனேன். பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றேன். பாதங்களின் மேல் முந்தின நாள் துளசி காய்ந்து கிடந்தது, அதன்மேல் மணல். நாலு எட்டு வைத்தால் போதும். கால் நகரவில்லை. கொண்டுபோன தண்ணீரோடு திரும்பினேன்.

அவர் கண் என்னையே பார்த்தது. "கொண்டுதான் போனேன். ஊத்த ஆளில்லையே" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் சித்தப்பா மகன் ஒருவர் ராமநாதபுரத்தில் இருந்தார். ரயிலில் போகிறவர்களிடம் அவருக்குச் சொல்லியனுப்பினேன். கமுதிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறார், முடிந்துதான் வருவார் என்று பதில் வந்தது. ஊரில் தெரிந்த பூசாரிகள் ஓரிருவரைக் கேட்டேன். இன்னொருத்தர் முறையில் நாங்கள் கைவைக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

தினமும் தண்ணீர் கொண்டுபோவேன், வாசலில் உட்கார்ந்திருப்பேன், திரும்புவேன். விளக்கு இல்லாத மண்டபத்தைக் கும்பிட்டுவிட்டு யாத்திரிகர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் வண்டிக்கார அண்ணன் காசிப் பக்கத்து அம்மா ஒருத்தியைக் கூட்டிவந்தார். வயதானவள். மூச்சு வாங்க ஏறிவந்து, உள்ளே பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். வருடக்கணக்காக அவர்களை ஏற்றி இறக்கியதில் அண்ணனுக்கு அந்தப் பாஷை பழகியிருந்தது. படிக்குக் கீழேயே நின்றுகொண்டு எனக்குச் சொன்னார்.

"பூசை இல்லையான்னு கேக்குறாக, தங்கச்சி."

"அவுக முடியாம கிடக்காகன்னு சொல்லுங்கண்ணே."

சொன்னார். அவள் மறுபடி ஏதோ கேட்டாள்.

"அப்ப நீ ஊத்துனா என்னங்கிறாக."

"நான் எப்படிண்ணே ஊத்துறது?"

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் என் இடுப்புக் குடத்தில் கைவைத்துவிட்டாள். நானும் பிடித்தேன். அவள் அதட்டவில்லை, முறைக்கவில்லை. பிள்ளையிடமிருந்து ஒரு பொருளை வாங்குவதுபோல மெதுவாக வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

"வேண்டாம்னு சொல்லுங்கண்ணே."

"சொல்லிட்டேன் தங்கச்சி. அவுக ஊர்ல எல்லாரும் சாமியத் தொட்டுத்தான் கும்பிடுவாகளாம்."

முந்தானையால் மணலைத் துடைத்தாள். தண்ணீரை ஊற்றினாள். துளசியை வைத்தாள். பிறகு அந்தப் பாதங்களின்மேல் நெற்றியை வைத்து விம்மி விம்மி அழுதாள். எதற்காக அழுதாள் என்று எனக்குத் தெரியாது. நான் கம்பியைப் பிடித்தபடி வெளியே நின்றேன். எழுந்துவந்து வெறுங்குடத்தை என் கையில் கொடுத்தாள். என் தலையைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

வீட்டில் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது சொன்னேன். "இன்னைக்குப் பாதத்துல தண்ணி விழுந்துச்சு. வடக்கேயிருந்து வந்த ஒரு அம்மா ஊத்துனாக. என்னால தடுக்க முடியல."

இடது கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வளையல் சதையில் அழுந்தியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கோவமா?" என்றேன். அந்தச் சத்தம்.

"நல்லதுன்னு சொல்றீகளா?" அதே சத்தம்.

மாற்றி மாற்றிக் கேட்டேன். எதைக் கேட்டாலும் அது ஒன்றுதான் வந்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். அவர் பிடியை விடாததால், மீதிக் கஞ்சியை மற்றக் கையால் ஊட்டினேன்.

திருவிழா முடிந்து தம்பிமுறைக்காரர் வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "நீங்க என்ன செய்வீக மதினி" என்றார். மண்டபத்தைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மந்திரம் சொல்லிப் பூசையைத் தொடங்கினார். நல்ல மனிதர்தான். பூசை இனி அவர் முறையாயிற்று. சாவியை நான் அவர் கையில் கொடுப்பதை என் கணவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, அவரை ஒரு தடவையாவது பாதத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். வண்டிக்கார அண்ணன் கூலி வேண்டாம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டார். அடிவாரத்தில் நின்று இரண்டு மூன்று பேர் தூக்கிப் பார்த்தார்கள். மணலில் கால் புதைந்தது. அவர் உடம்பு ஒரு பக்கமாகவே சரிந்தது. வலி தாங்காமல் முனகினார். திரும்ப வண்டியிலேயே படுக்கவைத்தோம். அங்கிருந்து மேலே மண்டபத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

"போயிருவமா தங்கச்சி?" என்றார் அண்ணன்.

"போகலாம்ணே" என்றேன்.

தை பிறப்பதற்கு முன் என் கணவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் என் கூடப்பிறந்த அண்ணன் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்து என்னைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்த வருடம் கண்மாயில் தண்ணீர் நன்றாக இருந்தது. இரண்டாம் போக நடவுக்கு ஆள் போதவில்லை. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் நானும் வயலில் இறங்கினேன்.