இரண்டு காற்றில் எடுத்த படங்கள்

மனுவில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. நாங்கள் மூவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். பூமி சூடாகிக் கடல் ஏறிவருகிறது, புதுமடம் கரையைக் காக்க அரசு ஒரு திட்டம் வகுக்க வேண்டும், இனி இங்கே வாழப்போகிற எங்களுக்கு அது உரிமை என்று மதுரையில் உயர் நீதிமன்றத்தில் கேட்டிருந்தோம். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் ஒருத்தி கல்யாணமாகி ஷார்ஜா போய்விட்டாள். எங்களில் அவள்தான் புதுமடத்துக்காரி. இன்னொருவன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தான். நான் ராமநாதபுரத்தில் அறை எடுத்துத் தங்கி ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். சொந்த வழக்கைப் பற்றி மட்டும் எழுத முடியாது.

மனுவோடு இணைத்த இரண்டு படங்களும் நான் எடுத்தவை. ஒரே மின்கம்பத்தடியில் நின்று, இரண்டரை வருட இடைவெளியில் எடுத்தேன். முதல் படத்தில் கம்பத்துக்கு முன்னால் வல்லங்கள் வரிசையாக நிற்கும் அளவுக்கு மணல். இரண்டாவதில் கம்பத்துக்குப் பக்கத்திலேயே அலை நுரைத்தது. எங்கள் வழக்கறிஞர் அந்தப் படங்களைத்தான் நம்பியிருந்தார்.

விசாரணைக்கு முந்தைய வாரம், கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் கைபேசியில் அவற்றைக் காட்டினேன்.

"இது எப்ப எடுத்தீக தம்பி?"

"மொதப் படம் தை மாசம் பாய். ரெண்டாவது ஆடி."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "வாடையில ஒண்ணு, கச்சான்ல ஒண்ணு. பெருநாளைக்கு ஒரு படம், நோம்புல ஒரு படம் எடுத்து, ஆளு மெலிஞ்சுட்டாருன்னு கேஸ் போடுவீகளா?"

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "பேப்பர்காரகளுக்கு எல்லாக் காத்தும் ஃபேன் காத்துதான்."

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், புதுமடம் இருக்கும் தென்கடல் கொந்தளித்து மணலை இழுத்துக்கொள்ளும். வாடையில் திரும்பக் கொண்டுவந்து போடும். நான் உள்நாட்டு மானாவாரிக் காட்டில் வளர்ந்தவன். மழைக்கு மட்டும் மாதம் பார்க்கத் தெரியும்.

"அப்பக் கடல் உள்ள வரலையா பாய்?"

"வந்திருக்கு. எங்க வாப்பா வலை காயப்போட்ட எடம் இப்பத் தண்ணிக்குள்ள கெடக்கு. ஆனா அத இந்தப் படம் சொல்லாது."

வழக்கறிஞரை அழைத்தேன். "எதிர்த்தரப்பு கவனிக்கல. நாம ஏன் கிளறணும்?" என்றார்.

"உண்மைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான் சார்."

"படத்த எடுத்துட்டா மனு நிக்குமான்னு சொல்ல முடியாது."

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விவரத்தை எழுதினேன். கடைசியாக அதில் வந்திருந்தது ஷார்ஜா போனவளுடைய கல்யாணப் படம். மாலையில் அவள் பதில் அனுப்பினாள்: "நீதான அங்கன இருக்க. ஒனக்குச் சரின்னு பட்டதச் செய்." சென்னையில் இருந்தவன் கட்டைவிரல் குறி போட்டான்.

மதுரைக்குத் தனியாகத்தான் போனேன். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. படங்களைத் திரும்பப் பெறுவதாக வழக்கறிஞர் சொன்னார். நீதிபதி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஓராண்டு முழுக்க மாதந்தோறும் கரையை அளந்து தாக்கல் செய்யலாம், அதுவரை வழக்கு நிலுவையில் இருக்கும் என்றார். பேருந்தில் திரும்பும்போது பக்கத்து இருக்கை பரமக்குடிவரை காலியாக இருந்தது.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மின்கம்பத்திலிருந்து தண்ணீர்வரை அளக்கிறேன். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். முதல் சில மாதங்கள் அந்த மீனவர் பிடித்தார். கச்சான் தொடங்கியதும் வல்லங்களையெல்லாம் அலை அடங்கிய வடகடலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கரையில் யாரும் இல்லை. முனையைக் கம்பத்தில் கட்டிவிட்டு நடந்தேன். காற்று டேப்பை வில்லாக வளைத்தது. அளவு கூடிக் காட்டும். நடுநடுவே கல் வைத்து, திரும்பிப் போய் நேராக்கி, மறுபடி வந்து பார்த்தேன்.

போன மாதத்தைவிடக் குறைவு. எண்ணை எழுதி, பக்கத்தில் கச்சான் என்றும் எழுதினேன்.