அதிர்ஷ்டசாலிக்குச் சீன எழுத்து

காலை ஐந்தரை மணிக்குப் பாரிமுனையில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். எழுபத்தொன்பதாம் வருஷம், தை பிறந்து பத்து நாள் இருக்கும். திண்டிவனம் வழியாக நூற்று அறுபது கிலோமீட்டர். டிக்கெட் ஒன்பது ரூபாய். மடியில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் நாற்பது ஆங்கில வாக்கியங்கள். "பாண்டிக்கு என்ன வேலையா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். சீனம் எழுதி வாங்கப் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு திண்டிவனம் வரை அவர் என்னோடு பேசவில்லை.

நான் மதராசில் ஒரு சின்ன அச்சகத்தில் பிழைதிருத்துகிறவன். எங்கள் தெருவில் ஒரு சீனப் பல் டாக்டர் உண்டு. பிறந்து வளர்ந்ததெல்லாம் மதராஸ், பேச்சும் நம்மூர்ப் பேச்சு. கல்கத்தாவிலும் பினாங்கிலும் இருக்கும் தம் சொந்தக்காரப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க ஒரு சிறு புத்தகம் போட ஆசைப்பட்டார். மேலே ஆங்கிலம், கீழே அதன் அர்த்தம் சீனத்தில். ஆங்கில வாக்கியங்களை எழுதியவன் நான். சீன எழுத்துக்கு எங்கள் அச்சகத்தில் எங்கே போவது? யாராவது கையால் எழுதித் தந்தால் அதையே படம்பிடித்து அச்சடிக்கும் தகடாக, பிளாக்காக, எடுத்துவிடலாம்.

"எனக்குப் படிக்க வரும் சார். எழுதுனா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும்" என்று டாக்டர் கைவிரித்தார். பாண்டிச்சேரியில் சைகோனிலிருந்து வந்த சீன அம்மாள் ஒருவர் முத்து முத்தாக எழுதுவார் என்று விலாசமும் தந்தார். "தப்பா வந்தா பசங்க தப்பாவே கத்துக்கும். நீங்கதான் பொறுப்பு." ஒரு எழுத்துகூடத் தெரியாதவனிடம் இந்தப் பொறுப்பு!

ஒன்பதே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் விலாசத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"சைகோன் மதாம் வூடுதானே? குந்து சார். கொடுத்து வச்ச வூடு அது. வூட்டுக்காரரு சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. பிரெஞ்சுக்காரன் ஊர வுட்டுப் போனப்ப இந்தியாவா பிரான்சான்னு கேட்டாங்க, கையெழுத்து போட்டு பிரான்சு ஜனமாயிட்டாரு. பென்ஷன் அங்கேர்ந்து வருது."

"உங்க வீட்டில யாரும் போடலையா?"

"எங்கப்பன் பட்டாளத்துல சமையக்காரரு. காயிதத்துல கைய வச்சா எதுல மாட்டுவோமோன்னு பயந்துகினு போடல. அதான் நான் உன்ன இழுத்துகினு போறேன்."

சொல்லிவிட்டு அவர்தான் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தெருக்களும் எனக்குப் பிடிபடவில்லை. எல்லாம் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக, ஒன்றைப்போல ஒன்று. ஒரே மஞ்சள் மதிலை மூன்று முறை கடந்தோம் என்று நான் சத்தியம் செய்வேன். அவர் வேறு வேறு மதில் என்றார்.

குருசுக்குப்பத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் வீடு. "போன்ழூர், வாங்க மிசே" என்று கதவைத் திறந்தவர் கணவர். அறுபது வயது, நம்ம நிறம், இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் அந்த அம்மாள், பூப்போட்ட மேல்சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக. எந்த மொழியில் வணக்கம் சொல்வது என்று நான் விழிப்பதற்குள், "வெயில்ல வந்தீங்க, தண்ணி குடிங்க" என்றார்.

பத்தரைக்கு வேலை தொடங்கியது. அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் தமிழில் அர்த்தம் சொல்ல, அவர் தூரிகையால் சீனத்தில் எழுதினார். அவர் எழுதியது சரிதானா என்று கேட்கலாமென்று கணவரைப் பார்த்தேன். "நான் சைகோன்ல முப்பது வருஷம் இருந்தும் ஒரு எழுத்து தெரியாது மிசே" என்றார்.

நடுவில் அம்மாள் கேட்டார். "இந்த புக்கு எங்கெங்க போகும்?"

"கல்கத்தா, பினாங்கு."

மத்தியானம் இறால் வைத்துச் சுருட்டிப் பொரித்த நெம் கொடுத்தார். நான் அதைப் பிட்டுப் பிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தபோது மறுபடி கேட்டார். "ஹாங்காங்குக்குப் போகுமா?"

"டாக்டருக்கு அங்கேயும் ஆள் உண்டாம்."

தன் எழுத்து ஊர் ஊராய்ப் போவதில் பெருமை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி சுமாருக்கு முப்பத்தொன்பதாவது வாக்கியத்துக்கு வந்தோம். லக்கியஸ்ட் என்ற சொல்லுக்காக நான் ரசித்து எழுதியது. "நாங்கள் ஐந்து பேர். எல்லாரிலும் அதிர்ஷ்டசாலி நான்தான்."

தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "இத நான் எழுத மாட்டேன்."

புரியவில்லை என்று நினைத்து, அதிர்ஷ்டம் என்றால் என்ன, எல்லாரையும்விட அதிகம் என்றால் என்ன என்று விளக்கினேன். சிகப்புச் சட்டையைவிடப் பச்சைச் சட்டை பளிச், எல்லாவற்றிலும் பளிச் மஞ்சள் என்று உதாரணம்கூடச் சொன்னேன். அவர் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

கணவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இவங்க வீட்டுலயும் பிள்ளைங்க அஞ்சு பேரு. இவ மூணாவது. எழுபத்துநாலுல என்கூட கெளம்பி வந்துட்டா. மறுவருஷம் சைகோன் கம்யூனிஸ்ட் கைக்குப் போச்சு. போட்ட காயிதமெல்லாம் திரும்பி வந்துடுது. தப்பிச்சுப் படகு ஏறினாங்களா, இருக்காங்களா, ஒண்ணும் தெரியல. தன்ன அதிர்ஷ்டசாலின்னு தன் கையால எழுதினா, மத்த நாலு பேரும் இல்லேன்னு ஒத்துக்கிட்ட மாதிரின்னு நெனைக்கிறா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. சட்டைக் கலரையெல்லாம் சொல்லி விளக்கினேனே! சமையலறை வாசலில் நின்று, "அந்த வரியை அடித்துவிடுகிறேன் அம்மா" என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். பிறகு அவரே வந்து உட்கார்ந்தார். "வேணாம். எழுதறேன்."

எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். மற்ற வாக்கியமெல்லாம் ஒரு வரி. இது மூன்று வரி.

"இவ்வளவு நீளமா?"

"சீனத்துல இதுக்கு நீளம்."

நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியபோது சந்து முனை வரை வந்தார். "புக்கு வந்தா எனக்கு ஒண்ணும் வேணாம். எல்லாத்தையும் வெளியூருக்கே அனுப்புங்க" என்றார். பெருமைப்படுகிறவர் தனக்கு ஒரு பிரதி வேண்டாம் என்பாரா? மாட்டேன் என்றவர் ஏன் எழுதினார்? மதராஸ் வந்து சேரும் வரை இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பல் டாக்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எழுத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தவர் முப்பத்தொன்பதில் நின்றார். இடுக்கியை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இதுல அதிர்ஷ்டம்னு ஒரு வார்த்தையே இல்லியே சார்."

"பின்னே?"

விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார். "பெரிய அக்கா, ரெண்டாவது அண்ணா, நாலாவது தங்கச்சி, கடைசித் தம்பி. உயிரோட இருக்கேன். இது என் எழுத்துன்னு உங்களுக்குத் தெரியும். எழுதுங்க." அதற்குக் கீழே பாண்டிச்சேரி, தெருப் பெயர், வீட்டு நம்பர்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் ரொம்ப நேரம் நிற்கவும் இல்லை; ஆனாலும் பொறுப்பு என்னுடையது. "வேற யாரையாவது வச்சு எழுதி வாங்கிடட்டுமா?" என்று கேட்டேன். "நீங்கதானே சொன்னீங்க, பசங்க தப்பாக் கத்துக்கும்னு?"

டாக்டர் தாளைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். "கத்துக்கட்டும் சார். ஆயிரம் போதாது, ரெண்டாயிரமா அடிங்க."

பிளாக் வந்தது, பிழைதிருத்தப் படியும் அடித்தார்கள். மேலே என் ஆங்கிலம்: ஐந்து பேரில் நானே அதிர்ஷ்டசாலி. கீழே அந்த அம்மாளின் மூன்று வரிகள். அந்தப் படி என் மேஜைக்கு வந்தபோது முப்பத்தொன்பதாவது வாக்கியத்துக்கு நேரே சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் உத்தியோகத்தில் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான். அது பிழைதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.