கையுறை விரலுக்கு எட்டிய பொத்தான்

ஒரு வீடியோவை நிறுத்தவும் விடாமல், பின்னால் தள்ளிப் பார்க்கவும் விடாமல் ஓட்டிக் காட்டிவிட்டு, உடனே கேள்வி கேட்டு, பதில் தவறினால் வேலையைவிட்டு அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். குற்றம் உங்கள் மூளையிலா, வீடியோவிலா?

தன் மூளையில்தான் என்று ஏனக்காவின் நாத்தனார் நம்பிவிட்டாள். துணி வெளுக்கும் ஆலையில் மருந்து கலக்கும் வேலை அவளுக்கு. பாதுகாப்புப் பயிற்சித் தேர்வில் ஏற்கெனவே தவறியிருந்தாள். இன்னொரு முறை தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அந்த ஆளு ஓடுற பஸ்ஸைப் பிடிக்கப் போறவன் மாதிரி பேசுறான் அண்ணி. ஒரு டிரம்மோட அளவை மனசுல வாங்குறதுக்குள்ள அடுத்த டிரம்முக்குப் போயிடுறான்."

"நிறுத்திப் பாக்க வேண்டியதுதானே?"

"எங்க நிறுத்துறது? செஞ்சு கொடுத்ததே உங்க ஆபீஸுதான்."

ஏனக்காவுக்குச் சுருக்கென்றது. வலைப்பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவது அவள் தொழில். எதற்கும் "ஏன்?" என்பதால் ஆபீஸ் வைத்த பெயர் ஏனக்கா. லீவு விட்டாலும் காரணம் கேட்பாள் என்று கேலி செய்வார்கள். மறுநாள் காலை மேனேஜர் முன்னால் நின்றாள்.

"ஆலை வீடியோவுல ஏன் சார் நிறுத்துற வசதி இல்ல?"

"வச்சா நிறுத்திட்டு அரட்டை அடிப்பாங்க."

"நேத்து மீட்டிங் வீடியோவை நீங்க நிறுத்தி நிறுத்திக் குறிப்பு எடுத்தீங்களே?"

"அது வேற."

"ஏன் வேற?"

படித்தவன் நிறுத்தினால் கவனம், உழைப்பவள் நிறுத்தினால் சோம்பல் என்பதற்கு என்ன பதில் இருக்க முடியும்? "ஆலையிலேயே செஞ்சு காட்டுங்க. சரியா வந்தா வச்சுக்கலாம்" என்று மேனேஜர் கையைக் கழுவினார்.

படத்தின் ஓரத்தில் சின்னப் பொத்தான் ஒன்று வைத்தாள். அதை க்ளிக் செய்தால், வீடியோ ஓடினால் நிற்கும், நின்றிருந்தால் ஓடும். ஆனால் ஆலையின் தொடுதிரையில், மருந்துக்காகத் தடித்த கையுறை போட்ட விரலுக்கு அந்தப் பொத்தான் கடுகு. எனவே பொத்தானும் படமும் அடங்கிய சட்டம் முழுவதற்கும் அதே ஆணையைக் கொடுத்தாள். எங்கே தொட்டாலும் போதும்.

ஆலையில், மருந்து வாடைக்கு நடுவே, நாத்தனார் கையுறையோடு குறி பார்த்துப் பொத்தானையே அழுத்தினாள். வீடியோ நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முகம் செத்துவிட்டது.

"பாத்தீங்களா, ஆண்டவனுக்கே இதுல இஷ்டமில்ல" என்றார் கூட வந்திருந்த மேனேஜர்.

"அவர் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுறதில்ல சார். எழுதினது நான். ஏன்னு பாக்குறேன்."

தலையில் கைவைக்காமல் மடிக்கணினியைத் திறந்தாள். பொத்தானில் விழுந்த க்ளிக் அங்கேயே தங்குவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் சட்டத்துக்கும் ஏறிப் போகும். பொத்தான் நிறுத்தியது. அதே க்ளிக்கைக் கேட்ட சட்டம், நின்றிருக்கிறதே என்று கண் இமைப்பதற்குள் ஓட்டிவிட்டது. ஒரே தொடலுக்கு இரண்டு பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். பொத்தானுக்குத் தனியாகக் கொடுத்த ஆணையை அழித்தாள். சட்டம் கேட்டால் போதும்.

"இப்ப தொடு."

படத்திலிருந்த ஆள் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றான்.

"அப்படியே இருடா ராசா. அளவைப் பாத்துட்டு விடுறேன்" என்றாள் நாத்தனார். கூட வேலை செய்யும் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நிறுத்தியும் ஓட்டியும் பார்த்துவிட்டு எழுதிய தேர்வில் அவள் தேறினாள். தன் மூளைக்கு ஒன்றும் இல்லை என்று அண்ணியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

"சரி, இந்த ஆலைக்கு மட்டும் வச்சுக்கலாம்" என்றார் மேனேஜர்.

"ஏன் இந்த ஆலைக்கு மட்டும்?" என்றாள் ஏனக்கா.

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஒருத்தி தனியாகக் கேட்டு முடிக்கக்கூடியதும் அல்ல. உங்கள் வேலையிடத்திலும் நிறுத்தவிடாத வீடியோ ஒன்று ஓடினால், தலையைக் குனியாதீர்கள். கையைத் தூக்கி, "ஏன்?" என்று கேளுங்கள்.