கரைக்குக் கீழே கலங்கிய ஊற்று

கூடுவாஞ்சேரிக்கு மேற்கே ஒரு பெரிய குடியிருப்பு. படகு விடுவதற்காக உள்ளேயே ஒரு ஓடையை மறித்து, மண் கரை போட்டு, சின்ன ஏரி அமைத்திருந்தார்கள். ரிடையர் ஆவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்த வேலை அந்தக் கரையைப் பராமரிப்பதுதான். கரைக்கு மறுபக்கம், பள்ளத்தில், ஒரு தெரு இருந்தது.

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு காலையில் ஜேசிபி ஓட்டும் டில்லி அண்ணன் போன் செய்தார். "மேடம், கரைக்குக் கீழ தண்ணி ஊறிகினு கீது. கலரே சரியில்ல."

ஓடிப் போய்ப் பார்த்தேன். கரையின் அடிவாரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு ஊற்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. மண் கரையில் கொஞ்சம் கசிவது சகஜம். அது தெளிவாகக் கசிய வேண்டும். கலங்கி வந்தால், உள்ளே இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

குடியிருப்பு அசோசியேஷன் தலைவர் வந்தார். பேங்க் மேனேஜராக இருந்தவர். "சிமென்ட் மூட்டை வெச்சு அடைச்சிடலாமே மேடம்?"

"அடைச்சா வேற இடத்துல பிச்சுக்கும் சார். மொதல்ல மதகைத் திறந்து ஏரித் தண்ணியை இறக்கணும்."

"ஞாயித்துக்கிழமை போட்டிங் ஓப்பனிங். இன்விடேஷன் எல்லாம் போயாச்சு. இப்ப திறந்தா படகு சேத்துலதான் நிக்கும்!"

"கரை போச்சுன்னா அந்தத் தெரு இருக்காது சார்."

அவர் கீழே பார்த்தார். ஒரு அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "திறங்க மேடம்" என்றார் தலைவர்.

மதகுத் தண்ணீர் தெருவைச் சுற்றிப் போகும் கால்வாயில் இறங்கியது. தலைவரே வீடு வீடாகக் கதவைத் தட்டி, எல்லோரையும் கிளப் ஹவுஸுக்கு அழைத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லியிருந்த சமையல்காரரை அன்றைக்கே வரவழைத்துச் சாப்பாடும் போட்டார்.

நாங்கள் ஊற்றைச் சுற்றி மண் மூட்டைகளை அடுக்கினோம். நடுவில் முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி. இந்த ஃபில்டர் தண்ணீரை வெளியே விடும், மண்ணை விடாது. குடியிருப்புக்காரர்கள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு வந்து ஜல்லி சுமந்தார்கள்.

சாயங்காலம் டில்லி அண்ணன் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார். "இப்ப பாருங்க மேடம். கண்ணாடியாட்டம் கீது." நான் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோடையில் கரையின் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, களிமண் கொட்டி, ரோலர் விட்டுக் கெட்டியாகக் கட்டினோம். அடுத்த மழைக்குப் பிறகுதான் போட்டிங். கீழ்த் தெருவுக்கும் இன்விடேஷன் போனது. "ஏறுங்க மேடம்" என்று தலைவர் என்னையும் படகில் உட்கார வைத்தார். அத்தனை நாளும் கரைக்குக் கீழேயே பார்த்துப் பழகியவள், நடு ஏரியில் காற்று வாங்கிக்கொண்டு போனேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தினமும் கரைக்குக் கீழே இறங்கிப் பாருங்கள். கசிவைக் கண்டதும் அடைக்க ஓடாதீர்கள், அது என்ன நிறம் என்று முதலில் பாருங்கள். ஏரியை இறக்கச் சொல்லத் தயங்காதீர்கள், மழை மறுபடி வரும். எல்லாம் சரியாக இருக்கிற ஒரு நாளில் படகிலும் ஏறிப் பாருங்கள்.