மகளின் கதிரையில் ஒரு சனிக்கிழமை

அன்று நோர்வூட் டவுனில், இரும்புக் கடைக்கு மேல்மாடி டியூஷன் வகுப்பில் இருந்தவர்கள்: இங்கிலீஷ் படிப்பிக்கிற சேர், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர், என் மகளின் கதிரையில் நான். எட்டு வரைக்கும்கூட நான் போனதில்லை, ஏழோடு நின்றவன்.

மகளுக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று எனக்குக் கவலை. இரத்தம் பார்த்து, வெறும் காய்ச்சல்தான் என்று சொன்ன பிறகு, சரியாகத்தான் பார்த்தார்களா என்று கவலை. அவளுடைய கவலை வேறு.

"அப்பா, இன்னைக்கு ஸ்பெல்லிங் ரூல் எல்லாம் சொல்லிக் குடுக்குறாங்க. அடுத்த கெழம டெஸ்ட். பாதிக்குக் கொறஞ்சா பின்னேர வகுப்புக்கு மாத்திருவாங்க."

பின்னேர வகுப்பு முடியும்போது எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போயிருக்கும். எங்களைப் பொறுத்தவரை அதற்குப் பெயர் வகுப்பை விட்டு நிற்பது.

பலகையைப் போனில் படம் எடுக்கச் சேர் விடமாட்டார். எடுத்தால் காசு கட்டாத பிள்ளைக்கும் அறிவு வந்துவிடுமாம். கட்டிய காசைத் திருப்பித் தரும் பழக்கமும் அவருக்கு இல்லை. ஆகவே அவளுடைய கொப்பியோடு நானே போய் உட்கார்ந்தேன்.

துரைமார் பேசிய பாஷை, ரொம்ப ஒழுங்காக இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஒன்று பலவானால் கடைசியில் எஸ் போட வேண்டும். நல்லது. ஆனால் பேபி பலவானால், கடைசியில் இருக்கும் வை எழுந்து போக வேண்டும். அந்த இடத்தில் ஐயும் ஈயும் வந்து உட்கார்ந்த பிறகே எஸ் வரும். மங்கிக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே வைக்குப் பக்கத்தில் ஈ என்ற பெரிய இடத்து எழுத்து இருக்கிறது. யாராலும் எழுப்ப முடியாது. குழந்தையைவிடக் குரங்குக்குச் செல்வாக்கு.

லீஃப், அதாவது நான் தினமும் லொறியில் ஏற்றுகிற அதே இலை, பலவானால் எஃப் போய் வீ வரும். ரூஃப் அப்படியில்லை. எத்தனை கூரை ஆனாலும் எஃப் அப்படியே இருக்கும். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைகளைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் எழுதியிருப்பான். அவற்றிலும் யாரும் எதையும் மாற்றியதில்லை. மேக் என்பதோடு ஐஎன்ஜி வந்து சேர்ந்தால் கடைசி ஈக்கு வேலை போய்விடும். கட் என்பதோடு சேர்ந்தால் ஒரு டீ போதாது, இரண்டு டீ வேண்டும். அந்த ஒன்றில் மட்டும் எனக்கு முழு உடன்பாடு.

"ஏன் சேர் அப்புடி?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன்னு கேக்கக் கூடாது. அது ரூல்."

"தோட்டத்துலயும் இதத்தான் சொல்றாங்க சேர்."

பிள்ளைகள் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை.

"எல்லாருக்கும் நல்லா வெளங்கிருச்சு போல. அடுத்த கெழம எதுக்கு? டெஸ்ட்ட இப்பவே வைப்போம்."

கதிரைக்கு ஒரு தாள் என்று கொடுத்துக்கொண்டு வந்தார். என்னுடையதில் மகளின் பெயரை அவரே எழுதித் தந்தார். முதல் கேள்வியிலேயே பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தேன். பக்கத்துப் பிள்ளை முழங்கையால் தன் தாளை மூடிக்கொண்டாள்.

"கைய கொஞ்சம் எடும்மா."

"பாக்கக் கூடாது மாமா. சேர்கிட்ட சொல்லிருவேன்."

இருபதுக்கு ஏழு.

"மகள அடுத்த கெழமல இருந்து பின்னேர வகுப்புக்கு அனுப்புங்க" என்றார் சேர்.

"சேர், அது எம் மார்க்குங்க. புள்ள வீட்டுல படுத்திருக்குங்க."

"அவ கதிரையிலதானே இருந்தீங்க?"

"இருந்தேங்க. ஆனா நான் வேற ஆளுங்க."

சேரின் முகம் தெளிந்தது.

"வேற ஆளுன்னா புது ஸ்டூடண்ட். அட்மிஷன் ஆயிரத்தி ஐநூறு. கட்டுனா மார்க்க ஒங்க பேருக்கு மாத்திர்றேன். அவ அடுத்த கெழம வந்து எழுதட்டும்."

பஸ் காசு போகச் சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய் இருந்தது. கொடுத்தேன். மகளின் பெயரை வெட்டி, ஏழுக்கு மேலே என் பெயரை எழுதினார். ஏழாம் வகுப்போடு நின்ற என் கல்வி இப்படித்தான் மறுபடி தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை மகள் போனாள். பதினேழு எடுத்து, அதே கதிரையைத் தக்கவைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, நீங்க ஏன் வகுப்புக்கு வரலன்னு சேர் கேட்டாங்க."

"காய்ச்சல்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அட்மிஷன் பாக்கிக்குக் காய்ச்சல் வராதாம். ஆயிரம் ரூபா."